புல்லுருவி என்று சொன்னோம்

புல்லுருவி! இச்சொல்லைக் கேட்டதும் உங்கள் உள்ளத்தில் தோன்றுவது ஒரு செடியா, ஒரு மனிதரா? உண்மையைச் சொன்னால், பெரும்பாலோருக்கு ஒரு மனிதரின் முகமே தோன்றும். உழைக்காமல் உண்பவர், உறவினர் வீட்டில் வந்து நிலையாகத் தங்கிவிட்டவர், பிறர் வியர்வையில் வாழ்பவர் என்று யாரேனும் ஒருவர் நினைவுக்கு வருவார். செடியை ஒருநாளும் உற்றுப் பாராமலே, அதன் பெயரைக் கொண்டு மனிதரை வைது பழகிவிட்டோம். இதை எழுதுகிற நாமே அத்தவற்றைச் செய்தவர்தாம். அதுவும் சமாதானம் செய்துவைக்கச் சென்ற ஒரு வீட்டில், ஒரு மனிதரை நேருக்கு நேர் பார்த்து அச்சொல்லைச் சொன்னோம். அதனையும், அதன்பின் அச்செடியிடம் நாம் கற்றுக்கொண்டதையும் மறைக்காமல் எழுதுவது நம் கடமை என்று எண்ணுகிறோம்.

திருவண்ணாமலையில் மலையை வலம் வரும் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ளது. பௌர்ணமி இரவுகளில் அப்பாதை மனித வெள்ளமாகப் பெருகுவதை அறியாதார் இலர். அப்பாதையில், நகரத்துக்கு மறுபுறமாக, மலையின் மேற்கே அமைந்த சிற்றூரே அடி அண்ணாமலை. ஆதி அருணாசலேசுவரர் கோயிலால் அவ்வூர் புகழ் பெற்றது. நகரில் நின்று பார்க்கையில் ஒரு வடிவமாகத் தோன்றும் மலை, இங்கிருந்து பார்க்கையில் முற்றிலும் வேறொரு வடிவமாகத் தோன்றும். மலை ஒன்றே, நாம் நிற்கும் இடந்தான் வேறு. இந்த எளிய உண்மை அன்று நமக்கு நினைவில் இல்லாமற்போயிற்று.

அவ்வூரில் நம் பங்கைச் சேர்ந்த குடும்பங்கள் சில உள்ளன. அவற்றுள் ஒன்றில் அண்ணன் தம்பி இருவர். மூத்தவர் தந்தையின் நிலத்தைப் பயிர் செய்து, மனைவி மக்களோடு தந்தையின் வீட்டிலேயே வாழ்பவர். இளையவர் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பெங்களூரில் கட்டட வேலை செய்தவர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஒரு காலை இழுத்து நடப்பவராக ஊர் திரும்பினார். மணமாகாதவர். அண்ணன் வீட்டுத் திண்ணையே அவருக்கு அறையாயிற்று. முதல் ஆண்டு எல்லாரும் இரங்கினர். இரண்டாம் ஆண்டு இரக்கம் குறைந்தது. மூன்றாம் ஆண்டு, அவர் தட்டில் விழும் சோற்றை எண்ணத் தொடங்கினர். அண்ணனின் மகன் வளர்ந்து வேலை தேடும் வயதுக்கு வந்தபோது, “சித்தப்பாவுக்கு உரிய பாகத்தைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்” என்ற பேச்சு எழுந்தது. பாகம் என்றால் என்ன? அரை ஏக்கர் மானாவாரி நிலமும், கொல்லையில் பாதியும், அக்கொல்லையில் நிற்கும் ஒரு மாமரமும்.

ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை மாலை நம்மை அழைத்தார்கள். சென்றோம். இரு தரப்பையும் கேட்டோம். மூத்தவர் தம் செலவுகளை ஒன்றுவிடாமல் எடுத்துரைத்தார். அவர் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இளையவரோ வாய் திறக்கவேயில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் மௌனமே விடையாயிருந்தது. அம்மௌனம் நமக்குச் சினத்தை மூட்டியது. மூட்டாமல் இருந்திருக்க வேண்டும், ஆனால் மூட்டியது. அன்று காலையில் இரண்டு திருப்பலிகள், நண்பகலில் ஓர் அடக்கம், பிற்பகலில் ஒரு மந்திரிப்பு என்று நாம் களைத்திருந்தோம் என்பது காரணமாகலாம், சாக்காகாது. “தம்பி, எத்தனை நாளைக்குத்தான் புல்லுருவியாக இருப்பது?” என்று கேட்டுவிட்டோம்.

அவர் நிமிர்ந்து ஒருமுறை நம்மைப் பார்த்தார். பின்னர் காலை இழுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டார். நாம் எழுந்து வந்துவிட்டோம். திரும்பும் வழியெல்லாம், சொல்ல வேண்டியதைச் சொன்னோம் என்று நமக்கு நாமே ஆறுதல் கூறிக்கொண்டோம். மனச்சாட்சி மட்டும் அதற்கு ஆமென்று சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழிந்தது. மூத்தவர் மேட்டாருக்கு வந்து வேறொரு செய்தி சொன்னார். கொல்லை மாமரத்தை மர வியாபாரிக்கு விலை பேசிவிட்டாராம். “புல்லுருவி பிடித்துவிட்டது சாமி. காய்ப்பும் குறைந்துவிட்டது. பட்டுப்போவதற்குள் வெட்டிக் காசாக்கினால் பாகம் பிரிக்கச் சுலபமாயிருக்கும்” என்றார். நாம் திரும்ப அவ்வூருக்குச் சென்றதற்கு மரத்தின்மேல் கொண்ட பரிவு காரணமன்று. புல்லுருவி என்ற அச்சொல் மீண்டும் காதில் விழுந்ததே காரணம்.

அம்மாமரம் அவர்கள் தந்தை நட்டது. தைப்பூவில் மரம் முழுவதும் மங்கிய பொன்னிறமாயிருந்தது. அதன் நடுவே மூன்று நான்கு இடங்களில் வேறு இலை, வேறு பூ. தடித்த, சாம்பல் கலந்த பச்சை இலைகள்; சில அரிவாள்போல் வளைந்தவை. கொத்துக் கொத்தாகச் செம்மஞ்சள் நிறக் குழற்பூக்கள். அறியாதவர் பார்த்தால் மாமரம் இருவகைப் பூப் பூத்திருக்கிறது என்றே எண்ணுவர். அத்தனை அழகு! அதுவே புல்லுருவி. ஐம்பது வயதைக் கடந்த நாம் அதை உற்றுப் பார்த்தது அன்றுதான்.

மரத்தடியில் இளையவர் ஒரு கயிற்றுக் கட்டிலில் அமர்ந்திருந்தார். நம்மைக் கண்டதும் எழ முயன்றார். முன்பு நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மரத்தைக் காட்டி, “சாமி, இதை வெட்ட வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். புல்லுருவி நான்கு கிளைகளில்தான் இருக்கிறது. அடிமரம் கல்போல் இருக்கிறது. பெங்களூர் போகும் முன்பு நான் மாந்தோப்பில் காவலிருந்தவன். எனக்குத் தெரியும்” என்றார்.

அத்திமரத்துக்கு இன்னும் ஓராண்டு தவணை கேட்ட தோட்டக்காரனின் உவமையை எத்தனை முறை விளக்கியிருப்போம்! அந்தத் தோட்டக்காரன் நம் முன்னே கயிற்றுக் கட்டிலில் அமர்ந்திருந்தான். நாம் அவனைத்தான் புல்லுருவி என்றோம்.

மூத்தவரிடம் பேசினோம். ஓராண்டு பொறுக்க இசைந்தார். மரம் ஏறுவது யார்? இளையவரால் ஏற இயலாது. சித்தப்பாவை அனுப்பிவிடச் சொன்ன அந்த மகன்தான் முணுமுணுத்துக்கொண்டே ஏறினான். கீழே நின்று இளையவர் சொல்லச் சொல்ல, மேலேயிருந்து அவன் ரம்பத்தால் அறுத்தான். “செடியை மட்டும் பிடுங்கினால் போதாதா?” என்று கேட்டான். “போதாது. அதன் கால் கிளைக்குள் இறங்கியிருக்கும். பட்டையின் மேலும் வேர் ஓடியிருக்கும். வீங்கிய இடத்திலிருந்து அடிமரப் பக்கமாக ஓர் அடி தள்ளி, கிளையோடு அறு. காய் பழுக்கும் முன்னே அறுத்தால்தான் குருவி விதையைக் கொண்டுபோகாது” என்றார். நல்ல பூவெடுத்த கிளைகள் இரண்டு அதனோடு போயின. “சித்தப்பா, பூவோடு போகிறதே!” என்று மகன் கூவினான். “போகட்டும், மரம் இருக்கும்” என்றார் அவர். அறுத்த வாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்த போர்டோப் பசையைத் தடவச் சொன்னார். மாலைக்குள் வேலை முடிந்தது.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் தொடங்கி, தாவரவியல் கற்பிக்கும் நண்பர் ஒருவரிடம் நூல்களைக் கேட்டுப் பெற்று வாசித்தோம். வாசித்தவற்றுள் சிலவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

நம் மாமரங்களிலும் வேம்புகளிலும் புங்கைகளிலும் சாதாரணமாகக் காணும் இப்புல்லுருவி, லொராந்தேசி என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தில் எழுபதுக்கு மேற்பட்ட பேரினங்கள் உண்டு. நம்முடையது டென்ட்ரோப்தோயி என்ற பேரினம். செர்மானியத் தாவரவியலார் மார்ட்டியசு 1830ஆம் ஆண்டில் அப்பெயரை இட்டார். குருமடத்தில் கற்ற கிரேக்கம் நமக்குப் பெரும்பாலும் மறந்துவிட்டதாயினும், இப்பெயரைப் பிரிக்க அது போதுமானதாயிருந்தது. ‘டென்ட்ரோன்’ என்றால் மரம். ‘ப்தோயி’ என்றால் உடல் நலிந்து மெலிதல். மரத்தை மெலிவிப்பது என்பது பொருள். நம் ஊர் இனத்துக்கு ‘பல்காட்டா’ என்பது அடைமொழி. இலத்தீனில் அரிவாள் வடிவினது என்று பொருள்படும். ஆக, அறிஞரும் அதற்கு நல்ல பெயர் வைக்கவில்லை. இலங்கைத் தமிழர் மட்டும் அதனைக் குருவிச்சை என்பர். அப்பெயரில் குருவி என்ற ஒலி இருப்பதைக் கவனியுங்கள். காரணம் பின்னர் விளங்கும்.

இச்செடி முழு ஒட்டுண்ணி அன்று; அரை ஒட்டுண்ணி. இந்த வேறுபாடு முக்கியமானது. அதற்குப் பச்சை இலை உண்டு. வெயிலைப் பெற்று, தனக்குரிய உணவில் பெரும்பகுதியைத் தானே ஆக்கிக்கொள்கிறது. அதற்கு இல்லாதது மண்ணில் ஊன்றும் வேர் ஒன்றே. ஆகவே உறிஞ்சு உறுப்பைக் கிளையினுள் செலுத்தி, நீரையும் தாது உப்புகளையும் மரத்திடமிருந்து பெறுகிறது. அதன் விதை நிலத்தில் விழுந்தால் முளைத்தாலும் வாழாது. எத்தனை வளமான மண்ணும் அதற்குப் பயன்படாது. தாங்க ஒரு கிளை இருந்தால் வாழும், இல்லையேல் மடியும்.

அது மரத்துக்குத் தீங்கு செய்கிறதா? செய்கிறது. இதை மறைத்தல் நேர்மையாகாது. புல்லுருவி, தான் ஒட்டிய மரத்தைவிட மிகுதியாக நீரை ஆவியாக்கும் இயல்புடையது. மரம் இலையை மூடி நீரைச் சேமிக்கும் வறட்சியிலும் அது தாராளமாகச் செலவிடும். அதனால் ஒட்டிய இடத்துக்கு அப்பாலுள்ள கிளை மெலியும். பூவும் காயும் குறையும். பல கொத்துகள் சேர்ந்தால் மரமே பட்டுப்போகவும் கூடும். திருவண்ணாமலைக் கோடையை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் நன்கு விளங்கும். ஆகவே தோட்டத்தில் புல்லுருவியைக் கண்டும் காணாதிருப்பது அன்பன்று, சோம்பலே. காலத்தில் அறுக்க வேண்டும். கிளையை அறுக்க வேண்டும்; மரத்தை அன்று.

இனி, அது மரத்துக்கு எவ்வாறு வந்தது? தானாக ஏறியதா? இல்லை. பூக்கொத்தி என்றொரு குருவி உண்டு. நம் நாட்டுப் பறவைகளுள் மிகச் சிறியவற்றுள் ஒன்று. கட்டை விரலைவிடச் சற்றே பெரியது. தேன்சிட்டும் இதுவும் புல்லுருவிப் பூவில் தேன் அருந்தி, மகரந்தம் சேர்க்கின்றன. முதிர்ந்த மொட்டின் நுனியைப் பூக்கொத்தி அலகால் அழுத்த, மொட்டு வெடித்து மலர்கிறது. பின்னர் பழுத்த கனியையும் அதே குருவி விழுங்குகிறது. விதையைச் சுற்றிப் பசைபோன்ற பொருள் இருப்பதால், அது எளிதில் உடலைவிட்டு நீங்காது. எனவே சில நிமிடங்களில் விதை வெளிப்படுகையில், குருவி அதைக் கிளையின்மேல் தேய்த்து அகற்றுகிறது. பசை காய்ந்து விதை கிளையில் ஒட்டிக்கொள்கிறது. பறவை அறிஞர் சலீம் அலி 1931ஆம் ஆண்டிலேயே கொங்கணப் பகுதியில் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

இதை வாசித்தபோது நாம் நூலை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் அமர்ந்திருந்தோம். எந்தப் புல்லுருவியும் ஒரு கிளையைத் தேர்ந்துகொண்டு வந்ததில்லை. விட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டது. சாரத்திலிருந்து விழுந்த மனிதரும் அண்ணன் வீட்டுத் திண்ணையைத் தேர்ந்துகொண்டவர் அல்லரே!

புல்லுருவியைப் பற்றி வேறு பேச்சுகளும் நம் மக்களிடையே உலவுகின்றன. இன்ன மரத்துப் புல்லுருவியை இன்ன நாளில் எடுத்துத் தாயத்தில் அடைத்தால் செல்வம் சேரும், பகைவர் வசமாவர் என்று சொல்லி விற்பவர் உண்டு. பெரிய ஊர்களின் திருவிழாக் கூட்டங்களில் அதை வாங்குவோரும் உண்டு. நம் குடும்பங்கள் இதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஐரோப்பியரும் இதில் நமக்கு இளைத்தவர் அல்லர். கிறித்துமசு வாழ்த்து அட்டைகளில் வெண்முத்துப்போன்ற காய்களுடன் ஒரு பச்சைக் கொத்தைக் கண்டிருப்பீர்கள். அது மிசில்டோ, அவர்கள் நாட்டுப் புல்லுருவி. கிறித்தவம் பரவுமுன்னரே அதற்கு மந்திர ஆற்றல் உண்டென்று அங்கே நம்பினார்கள். அதன் பேரினமாகிய விசுக்கத்தைச் சேர்ந்த செடிகள் நம் நாட்டிலும் உண்டு. அவற்றுள் ஒன்று செய்யும் வேலை நகைப்புக்குரியது. அது நம் புல்லுருவியின் கிளைமேலேயே ஒட்டி வளர்கிறது! புல்லுருவிக்கும் ஒரு புல்லுருவி! பிறரைச் சுட்டுவிரல் நீட்டுவோர் தம் தோளைத் திரும்பிப் பார்ப்பது நன்று.

அப்படியானால் உலகில் புல்லுருவியே இல்லாதிருந்தால் நன்றாயிருக்குமோ? இக்கேள்வியை ஆசுத்திரேலியாவில் டேவிட் வாட்சன் என்னும் அறிஞர் தம் துணைவரோடு செய்து பார்த்தே விடை கண்டார். 17 காட்டுத்துண்டுகளிலிருந்து புல்லுருவிகளை முற்றிலும் அகற்றினார்கள். மூன்றாண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அங்கே வாழ்ந்த பறவை வகைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. முடிவுகள் 2012ஆம் ஆண்டில் வெளிவந்தன. வியப்பு என்னவெனில், குறைந்தவற்றுள் பல புல்லுருவியின் கனியைத் தின்பவை அல்ல; தரையில் பூச்சி தேடுபவை. புல்லுருவி தன் சத்து மிகுந்த இலைகளை ஓயாமல் கீழே உதிர்க்கிறது. அதில் பூச்சிகள் பெருகுகின்றன. பூச்சிகளால் பறவைகள் வாழ்கின்றன. மரத்திடம் பெற்றதை அது மண்ணுக்குத் திருப்பிக்கொண்டிருந்தது. கிளையை மட்டும் அண்ணாந்து பார்த்தவர் கண்ணுக்கு அது தெரியவில்லை.

நம் ஊரிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. இறக்கையின் அடிப்புறத்தில் மஞ்சளும், ஓரத்தில் சிவந்த புள்ளிகளுமாகத் தோட்டங்களில் பறக்கும் அழகிய வண்ணத்துப்பூச்சி ஒன்றைக் கண்டிருப்பீர்கள். கிரிவலப் பாதையோர மரங்களிடையேயும் நாம் கண்டிருக்கிறோம். அதன் புழு உண்டு வளர்வது புல்லுருவி இலையைத்தான். தாய்ப்பூச்சி முட்டையிடத் தேடி வருவது நாம் வெறுக்கும் அச்செடியை நாடியே. தோப்பில் அதை அறுப்பது உழவரின் உரிமை. மலைச்சரிவிலும் புறம்போக்கிலும் ஆளில்லா மரத்தில் நிற்பதைத் தேடிப்போய் அழிப்பதற்குத் தேவை என்ன?

ஆயினும், நம்மை உண்மையில் தலைகுனியச் செய்தது வேறொரு செய்தி. அது சந்தன மரத்தைப் பற்றியது.

திருவண்ணாமலை மாவட்டத்தின் வடமேற்கே சவ்வாது மலை இருக்கிறது. அம்மலையின் சந்தனம் புகழ் பெற்றது. சந்தனத்தைப் பற்றித் தமிழில் ஒரு வசைச்சொல்லேனும் உண்டா? தேயத் தேய மணக்கும் என்று தியாகத்துக்கே அதை உவமை கூறுவோம். விருந்தினர் வந்தால் சந்தனம், மணவீட்டில் சந்தனம். ஆனால், வாசகர்களே, சந்தன மரமும் அரை ஒட்டுண்ணியே! மண்ணுக்குள் தன் வேரை அடுத்த மரங்களின் வேரோடு இணைத்து, அவற்றிடமிருந்து நீரும் சத்தும் பெற்றே அது வளர்கிறது. 1871ஆம் ஆண்டில் ஜான் சுகாட் என்பவர் இதனைக் கண்டறிந்தார். இன்றும் நாற்றங்காலில் சந்தனக் கன்றுக்குத் துணையாகத் துவரையை விதைப்பது இதனால்தான். துணை இல்லாவிடில் கன்று தேறாது. தாவரவியலார் சந்தனத்தையும் புல்லுருவியையும் ஒரே பெரும் வரிசையில் வைத்திருக்கிறார்கள். அவ்வரிசைக்குச் சந்தனத்தின் பெயரையே இட்டிருக்கிறார்கள். சுருங்கச் சொன்னால், இரண்டும் உறவு. ஒன்று கிளைமேல் எல்லாரும் காண வாங்குகிறது. மற்றொன்று மண்ணுக்குள் ஒருவரும் காணாமல் வாங்குகிறது. முன்னதை வைகிறோம். பின்னதை நெற்றியில் இடுகிறோம்.

இவ்விடத்தில் நம்மை நாம் எண்ணிப் பார்த்தோம். நாம் உழுவதில்லை, விதைப்பதில்லை. நம் சமையலறையில் வேகும் அரிசி யாருடையது? அறுவடை முடிந்ததும் பங்கு மக்கள் கொண்டுவந்து தந்தது. நாம் உடுத்தும் அங்கி, நாம் ஏறும் வண்டி, நாம் உறங்கும் கூரை எல்லாம் பிறர் கைகளின் உழைப்பு. அதைக் காணிக்கை என்ற அழகிய சொல்லால் அழைக்கிறோம். அண்ணன் வீட்டுத் திண்ணையில் தம்பி உண்ணும் சோற்றுக்கு மட்டும் வேறொரு பெயர் வைத்தோம். மக்கள் நம்மைத் தாங்குவது தவறு என்று நாம் கூறவில்லை. தாங்கப்படுகிறவர் தாங்கப்படுகிற இன்னொருவரை இகழ்தல் தவறு என்கிறோம். குழந்தையாகப் பத்தாண்டு, முதியவராகப் பத்தாண்டு, நோயில் கிடந்த நாட்கள் என்று கணக்கெடுத்தால், எவர் வாழ்விலும் ஒரு பெரும்பகுதி பிறர் கிளைமேல் ஒட்டி வாழ்ந்ததாகவே முடியும்.

அவ்வாரமே மீண்டும் அடி அண்ணாமலைக்குச் சென்றோம். எல்லார் முன்னிலையிலும் சொன்ன சொல்லுக்கு, எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டோம். இளையவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “சாமி, அந்த வார்த்தையை நான் எனக்குள்ளே தினமும் சொல்லிக்கொண்டவன்தான். வேறொருவர் வாயில் கேட்டபோதுதான் வலித்தது” என்றார். மூத்தவர் அப்போது எழுந்து உள்ளே போனார். ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்து நம் கையில் தந்தார். பெங்களூரிலிருந்து தம்பி அனுப்பிய பணமெல்லாம் மாதம் மாதமாக அதில் எழுதப்பட்டிருந்தது. வீட்டுக்கு ஓடு மாற்றியதும், தங்கையின் திருமணமும் அப்பணத்தில்தான். எழுதியவரும் அவரே, மறந்தவரும் அவரே. மகன் அதை வாங்கி ஒவ்வோர் ஏடாகப் புரட்டிப் பார்த்தான்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். அந்த நோட்டுப் புத்தகம் இருந்ததால்தான் அவருக்குத் திண்ணையில் இடம் உண்டு என்று எவரும் கொள்ளலாகாது. அவர் ஒரு காசும் அனுப்பியிராவிட்டாலும் அவர் தம்பிதான். கணக்குப் பார்த்து அன்பு செய்யத் தொடங்கினால், எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது.

“அப்படியானால் குடித்துவிட்டு வந்து மனைவியின் கூலியைப் பிடுங்குகிறவனையும் பொறுக்க வேண்டுமா?” என்று கேட்பீர்கள். இக்கேள்வி நியாயமானது. பல தாய்மார் கண்ணீரோடு நம்மிடம் கேட்பதும் இதுவே. பொறுக்க வேண்டியதில்லை. மாந்தோப்புக் காவலர் சொன்ன முறையையே கைக்கொள்ளுங்கள். காலம் தாழ்த்தாதீர்கள். மேலோட்டமாகப் பிடுங்காமல், வீங்கிய இடத்துக்கு ஓர் அடி தள்ளி அறுங்கள்: கையில் பணம் கொடுப்பதை நிறுத்துங்கள்; மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்; அடிக்கும் கைக்கு எட்டாத இடத்தில் பிள்ளைகளை வையுங்கள். பூவெடுத்த கிளை ஒன்றிரண்டு அதனோடு போகும், வருந்தாதீர்கள். அறுத்த வாயை மருந்திட்டு மூடுங்கள். ஆனால் கோபத்தில் மரத்தையே வெட்டிவிடாதீர்கள். அந்த மனிதருக்கு ஒரு செடியின் பெயரை இட்டு அழைக்கவும் வேண்டாம். பெயர் இட்டபின் அவரைத் திரும்பிப் பார்க்கவே நமக்கு மனம் வராது. நமக்கு அது நேர்ந்தது.

இவையெல்லாம் நிகழ்ந்து இரண்டு கோடைகள் கடந்தன. முதற்கோடையில் மாமரம் பெரிதாகக் காய்க்கவில்லை. இரண்டாம் கோடையில் ஒரு கூடைப் பழம் மேட்டாருக்கு வந்தது. கொண்டுவந்தவன் மகன். “இந்த வருடமும் ஒரு கொத்துப் புதிதாக முளைத்திருந்தது சாமி. சித்தப்பா காட்டினார், அறுத்துவிட்டேன்” என்றான். பாகம் பிரிக்கும் பேச்சு என்னவாயிற்று என்று நாம் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. இளையவர் இன்றும் காலை இழுத்தே நடக்கிறார். இன்றும் அண்ணன் வீட்டுச் சோற்றையே உண்கிறார். பழம் நல்ல இனிப்பு.